மரக்கலமும் மனிதப் பற்றும்

கொழும்பு மாநகரின் வடகிழக்கு எல்லையில், களனி கங்கைக்கு அண்மையில் அமைந்துள்ளது ஒருகொடவத்தை. தமிழ்க் காதுக்கு இப்பெயரின் முற்பகுதி எண்ணுப்பெயராக ஒலிக்கும். சிங்களத்திலோ 'ஒருவ' என்பது பக்கமிதவை பூட்டிய ஓடத்தைக் குறிக்கும். 'ஒரு' என்பது அதன் பன்மை. 'கொட' கரைநிலம், 'வத்த' தோட்டம். இச்சொற்களைக் கூட்டிப் பொருள் கொள்ளின், ஓடங்கள் கரையேறிய தோட்டம் என விரியும். இன்று அங்கே ஓடங்களைக் காண்பதற்கில்லை. துறைமுகத்திலிருந்து வந்து குவியும் கொள்கலன்களும், அவற்றைச் சுமந்து இரவு பகலாக ஓடும் பாரவண்டிகளும், 2021-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற புதிய களனிப் பாலத்தின் தூண்களுமே கண்ணை நிறைக்கின்றன. ஊர்ப்பெயரில் ஓடம் எஞ்சியிருக்கிறது. ஊரிலே அது இல்லை.

ஓடங்கள் எவ்வாறு மறைந்தன என்ற வினாவிற்குப் பொருளாதார வரலாறு விடை கூறும். ஆயின் இன்னொரு வினாவும் உண்டு. ஓர் ஓடத்தைத் தன் கையால் செலுத்தியவன், அதை விற்க நேர்ந்தபோது என்ன எண்ணினான்? இதனை உள்ளத்தைப் பற்றிய வினா என்று ஒதுக்கிவிட்டு, விலைப்பட்டியலை மட்டும் எழுதுவது வரலாற்றாசிரியர் பலரின் வழக்கம். எமது கருத்து வேறு. பற்று வானத்திலிருந்து விழுவதில்லை. அதற்கும் ஒரு பிறப்பிடம் உண்டு. அதனை மதிக்கும் சமுதாயமும் மதியாத சமுதாயமும் உண்டு. ஒரு மரக்கலம் கைமாறும் வேளையில் யாருடைய பற்று கணக்கில் எடுக்கப்படுகிறது, யாருடையது எடுக்கப்படுவதில்லை என்பதை ஆராய்ந்தால், அந்தச் சமுதாயத்தின் அமைப்பே புலப்பட்டுவிடும்.

முதலில் அந்த ஓடத்தையே எடுத்துக்கொள்வோம். மேற்குக் கரையோர மீனவரின் ஓடம் ஒற்றை மரத்தைக் குடைந்து செய்த அடிப்பாகமும், அதன்மேல் தென்னங்கயிற்றால் தைத்த பலகைகளும் உடையது. உடலோ மிக ஒடுக்கமானது. பாய் விரித்தால் கவிழ்ந்துவிடக் கூடியது. அதனைக் கவிழாது காப்பது இரு கழிகளின் முனையிலே கட்டிய மிதவை மரம். காற்று வலுத்தபோது அந்தக் கழிகளின்மேல் மனிதர் ஏறி நின்று தம் உடலின் எடையால் ஓடத்தைச் சமன் செய்தனர். ஒருவர் நிற்கவேண்டிய காற்று, இருவர் நிற்கவேண்டிய காற்று, மூவர் நிற்கவேண்டிய காற்று என்று காற்றின் வேகத்தையே மனிதரால் அளந்தார்கள் என்பதை அக்காலத்துப் பயணிகள் வியந்து எழுதினர். இங்கே ஓடம் மனிதனுக்குப் புறம்பான பொருளாக இருக்கவில்லை. அவன் உடல் அதன் உறுப்புகளுள் ஒன்றாகவே இருந்தது. இத்தகைய ஓடத்தின்மீது அதனைச் செலுத்தியவனுக்குப் பற்று இருந்ததென்றால், அது உழைப்பிலிருந்து பிறந்த பற்றேயாகும். பழுது பார்த்த ஒவ்வொரு தையலும் அவன் செலவிட்ட ஒரு நாளாகும்.

இந்த உண்மை, ஓடத்தைவிடப் பன்மடங்கு பெரிய கலங்களைக் கட்டிய வடபுலக் கரையில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள வல்வெட்டித்துறை கப்பல் கட்டுவதிலும் கப்பலோட்டுவதிலும் பெயர்பெற்ற ஊர். அங்கே கப்பல் கட்டும் தலைமைத் தச்சரை மேத்திரியார் என்றும், கப்பல் தலைவரைத் தண்டையல் என்றும் அழைப்பர். வாடைக் காற்றையும் சோழகக் காற்றையும் நாட்காட்டியாகக் கொண்டு, நாகபட்டினம், தொண்டி முதலிய துறைகளுக்கும், வங்கக் கடலைக் கடந்து பர்மாவின் துறைகளுக்கும் அவ்வூர்க் கலங்கள் சென்று வந்தன. அங்கிருந்து அரிசியும் ஓடும் மரமும் வந்தன. இங்கிருந்து புகையிலையும் பனைமரமும் சென்றன. மேத்திரிமாரிடம் அச்சிட்ட வரைபடம் கிடையாது. ஏராக்கட்டை வைப்பதிலிருந்து வங்குகளை வளைத்துப் பொருத்துவதும், பலகை இடுக்குகளில் பஞ்சடைத்துக் கீல் பூசுவதும் வரை எல்லா அளவுகளும் கண்ணிலும் கையிலுமே இருந்தன; தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றன.

இக்கரையிலே 1930-ஆம் ஆண்டில் ஒரு கப்பல் கட்டி முடிக்கப்பெற்றது. வேம்பு முதலிய நாட்டு மரங்களால் ஆன அது 89 அடி நீளமுடையது. இரண்டு பாய்மரங்கள் கொண்டது. அதற்கு இட்ட பெயர் அன்னபூரணி. உணவு நிறைந்தவள் என்பது அதன் பொருள். அரிசி ஏற்றி வரும் கடலோடிகளின் ஊர் தன் கப்பலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரைத் தேடியிருக்க முடியாது. வழிபாடும் வயிறும் அப்பெயரிலே ஒன்றாகின்றன.

ஆனால் அன்னபூரணி பிறந்த காலம் பாய்க்கப்பலுக்கு உகந்த காலமன்று. 1869-இல் சூயெஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் நீராவிக் கப்பல்களின் கை ஓங்கியது. 1875-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற கொழும்பின் அலைதடுப்பு அணை 1885-இல் முடிவுற்றபோது, இலங்கையின் கடல் வணிகம் ஒரே துறைமுகத்தில் குவியத் தொடங்கியது. 1905-இல் புகைவண்டிப் பாதை காங்கேசன்துறையை எட்டியது. 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற்சேவை தொடங்கி, இந்திய இரயில் பாதையையும் இலங்கை இரயில் பாதையையும் இணைத்தது. பருவக்காற்றுக்காகக் காத்திருக்கும் கலம், மணிக்கணக்கில் ஓடும் வண்டியோடு போட்டியிட வேண்டியதாயிற்று. போதாக்குறைக்கு, அன்னபூரணி கடலில் இறங்கிய ஆண்டு உலகப் பொருளாதார மந்தம் உலகெங்கும் பரவிய ஆண்டாகும். விளைபொருள்களின் விலை வீழ்ந்தது, சரக்கும் சுருங்கியது. இந்நிலையில் ஒரு கப்பலை வைத்திருப்பவனுக்கு அதன் அழகு ஒரு வருமானமும் தராது. பாய் கிழிந்தால் தைக்கவேண்டும். மரம் புழுத்தால் மாற்றவேண்டும். மாலுமிகளுக்குப் பங்கு கொடுக்கவேண்டும். ஓடாத கப்பல் கடனாகிவிடும்.

இத்தருணத்திலேதான் வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் இலங்கைக்கு வந்தார். இவரைப் பணத்திமிர் கொண்ட வேடிக்கை மனிதர் என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. 1928 முதல் 1931 வரை 32 அடி நீளமுள்ள சிறு பாய்ப்படகொன்றில் உலகைச் சுற்றி வந்தவர் இவர். அப்படகிற்கு அவர் இட்ட பெயர் 'ஸ்வாப்'. கனவைக் குறிக்கும் வடசொல் அது. 1934-இல் கலாபகோஸ் தீவுகளில் அவருக்குக் குடல்வால் நோய் கண்டது. பனாமாவிலிருந்து அமெரிக்கக் கடற்படை விரைந்து உதவியமையால் உயிர் தப்பினார். ஆனால் படகு அங்கேயே நின்றுவிட்டது. மீண்டும் அவர் கைக்கு வரவில்லை. உலகைச் சுற்றிய தோழனை இழந்த இம்மனிதர், மறைந்துகொண்டிருந்த பாய்க்கப்பல் உலகின் மீது உண்மையான காதல் கொண்டிருந்தார் என்பதில் ஐயமில்லை. வாங்கியவரிடமும் பற்று இருந்தது.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. றொபின்சனின் மனைவி புளொறன்ஸ், சிக்காகோ நகரில் குழாய்ப் பொருள்கள் உற்பத்தி செய்து பெருஞ்செல்வம் திரட்டிய கிறேன் குடும்பத்தைச் சேர்ந்தவர். அந்தச் செல்வம் ஆயிரக்கணக்கான தொழிலாளர் ஆலைகளில் உழைத்தமையால் விளைந்தது. ஆகவே றொபின்சனின் பற்றிற்குச் செலவு செய்ய வழி இருந்தது. பாய்க்கப்பல் அவருக்குச் சோறு போடவேண்டியதில்லை. அதற்கு அவர் சோறு போட முடிந்தது. வல்வெட்டித்துறையின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கே அன்னபூரணி ஊருக்குச் சோறு போட்டால்தான் அவளை வைத்திருக்கலாம். ஒரே பொருளின்மீது இரு கரைகளிலும் பற்று உண்டு. ஒரு கரையில் அது ஓய்விலிருந்து பிறக்கிறது, மறுகரையில் உழைப்பிலிருந்து பிறக்கிறது. சந்தையில் இரண்டும் எதிர்ப்படும்போது எது விலை பேசும், எது பேசாது நிற்கும் என்பதைச் சொல்லவேண்டுமா?

அன்னபூரணி விற்கப்பட்டாள். அதன்பின் நிகழ்ந்தது வரலாற்றின் கசப்பான நகைச்சுவை. விற்ற கப்பலை அமெரிக்காவிலே கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். அதனை யார் ஓட்டுவது? அவளை அறிந்தவர்கள்தாம் ஓட்டவேண்டும். 1937-இல் வல்வெட்டித்துறையிலிருந்து புறப்பட்ட அக்கப்பலில் அவ்வூர் மாலுமிகள் ஐவர் சென்றனர். அவர்களுள் தண்டையலாக இருந்தவர் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை. செங்கடலையும் சூயெஸ் கால்வாயையும் மத்தியதரைக் கடலையும் கடந்து, ஜிப்ரால்டர், பெர்முடா வழியாக, 1938 ஆகஸ்ட் 1-ஆம் நாள் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தனர். வேப்ப மரத்தாற் செய்த யாழ்ப்பாணத்துப் பாய்க்கப்பல் அத்திலாந்திக்கைக் கடந்துவிட்டது. அவ்வூர்ப் பத்திரிகைகள் அதனைப் புதுமையென எழுதின. இன்றும் தமிழர் கடலோடும் திறனுக்குச் சான்றாக இப்பயணத்தை நாம் பெருமையோடு பேசுகின்றோம்.

பேசவேண்டியதுதான். ஆனால் அந்தப் பெருமைக்குள் ஒரு செய்தி மறைந்து கிடக்கிறது. கரையை விட்ட கப்பலின் பெயர் அன்னபூரணி அன்று. 'புளொறன்ஸ் சி. றொபின்சன்' என்று அவள் பெயர் மாற்றப்பட்டிருந்தாள். பஞ்சம் தீர்க்கும் அம்மையின் பெயர் அழிந்து, உடைமையாளர் மனைவியின் பெயர் ஏறியது. சட்டப்படி இதில் தவறு ஏதுமில்லை. வாங்கியவர் விரும்பிய பெயரை வைக்கலாம். தம் ஊரிற் கட்டிய கப்பலைத் தம் கையாலேயே செலுத்திச்சென்று, பிறர் கரையில் ஒப்படைத்து நின்றவர்களின் நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும். பயண வெற்றி அவர்களுடையது. கப்பல் அவர்களுடையது அன்று. விற்பனைக்கு முன்பும் அது அவர்களுடையதாக இருக்கவில்லை. மேத்திரியார் கட்டினார், தண்டையல் ஓட்டினார், மாலுமிகள் பாயிழுத்தனர். ஆனால் விற்கலாமா, வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை அவர்களுள் ஒருவருக்கும் இல்லை. உழைத்தவரின் பற்றுக்கு உரிமைப் பத்திரத்திலே இடமில்லை என்பதே தனியுடைமையின் சட்டம்.

இது கீழைநாட்டு ஏழ்மையின் கதை மட்டுமே என்று நினைப்போர், அன்னபூரணி போய்ச் சேர்ந்த அதே கடற்பரப்பை அதே ஆண்டில் நோக்கவேண்டும். கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்திலுள்ள லூனன்பேர்க்கில் 1921-இல் கட்டப்பெற்ற 'புளூநோஸ்' என்ற மீன்பிடிக் கப்பல், மீன்பிடிக் கப்பல்களுக்கான சர்வதேசப் பாய்ப்போட்டிகளில் பெரும்புகழ் ஈட்டியது. 1937 முதல் கனடாவின் பத்துச் சத நாணயத்தில் பாய்க்கப்பலின் உருவம் பொறிக்கப்பட்டது. மக்கள் அதனைப் புளூநோஸ் என்றே கண்டனர். அன்னபூரணி வந்து சேர்ந்த இரண்டு மாதங்களின்பின், 1938 ஒக்டோபரில், அப்பக்கத்துக் கடலிலேயே புளூநோஸ் தன் கடைசிப் போட்டியை ஓடி வென்றது. ஆனால் வெற்றி கடனை அடைக்கவில்லை. பொருத்திய டீசல் எஞ்சினுக்குரிய பணம் நிலுவையாயிற்று. 1939-இல் கப்பலை ஏலமிட முற்பட்டனர். அதன் தலைவர் அங்கஸ் வால்ரர்ஸ் தம் சொந்தப் பணத்தைக் கட்டி ஏலத்தைத் தடுத்தார். அதனைக் காப்பாற்றப் பொதுமக்களிடமிருந்து போதிய பணம் திரளவில்லை. இறுதியில், 1942-இல், மேற்கிந்தியத் தீவுகளில் சரக்கேற்றும் ஒரு நிறுவனத்துக்கு அது விற்கப்பட்டது. 1946-இல் ஹெயிற்றிக் கரைக்கு அப்பால் பாறையில் மோதி அழிந்தது.

நாணயத்தில் கப்பலின் உருவைப் பொறித்த ஒரு நாடு, அந்தக் கப்பலைக் காக்க அந்த நாணயங்களைச் செலவிடவில்லை. 1963-இல் புளூநோஸின் மறுபடியொன்று கட்டப்பட்டது. கட்டுவித்தது ஒரு பியர் வடிசாலை. தன் விளம்பரத்திற்கும் அது பயன்பட்டது. உயிரோடிருந்த கப்பலுக்கு முதலில்லை. இறந்த கப்பலின் நினைவுக்கு முதலுண்டு. ஏனெனில் நினைவு இப்போது சரக்காகிவிட்டது. வால்ரர்ஸைப் போன்ற ஒரு மனிதரின் பற்று எவ்வளவு ஆழமாயினும், அது தனித்து நின்று சந்தையை வெல்ல முடியாது என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

தனித்து நில்லாத பற்று ஒன்றும் உண்டு. அதற்கு எமது தமிழ்க் கடலிலேயே சான்று இருக்கிறது. 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியிலே சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவினார். பத்து இலட்ச ரூபாய் முதல். இருபத்தைந்து ரூபாய் வீதம் 40,000 பங்குகள். காலியா, லாவோ என்னும் நீராவிக் கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே ஓடின. பாய்க்கப்பலின் அழகு அவற்றுக்கு இல்லை. ஆயினும் மக்கள் அவற்றைத் தம் கப்பல் என்றார்கள். பங்கு வாங்கியவன் மட்டுமன்றி, வெள்ளையர் கம்பனியின் கப்பலில் ஏற மறுத்தவனும் அவ்வாறே சொன்னான். 1908-இல் சிதம்பரனார் சிறைப்பட்டார். 1911-இல் சங்கம் கலைக்கப்பட்டது. எந்தப் பிரித்தானியக் கம்பனியை எதிர்த்து அக்கப்பல்கள் ஓடினவோ, அதே கம்பனிக்குக் காலியா விற்கப்பட்டது. சிதம்பரனாருக்குச் சிறையின் செக்கைவிட இச்செய்தி கனமாக இருந்திருக்கும் என்று கூறுவது மிகையாகாது. தமிழ்நாடு அந்த விற்பனையை வணிகமாகக் கொள்ளவில்லை, அவமானமாகவே கொண்டது. ஒரு நூற்றாண்டிற்குப் பின்னும் அந்தக் காயம் பேசப்படுகிறது.

அன்னபூரணியின் விற்பனையை நாம் சாதனையாகப் பேசுகின்றோம். காலியாவின் விற்பனையைத் துயரமாகப் பேசுகின்றோம். காரணம் வெளிப்படை. முன்னது ஒருவரின் உடைமை. எனவே விற்பதும் அவர் பாடு என்று ஊர் கைகட்டி நின்றது. பின்னது பலரின் கூட்டுமுயற்சி. எனவே அது விலைபோனபோது பலரும் தாமே விலைபோனதாக உணர்ந்தனர். பற்றின் அளவு பொருளின் அழகிலோ வயதிலோ தங்கியிருக்கவில்லை. அப்பொருளில் மக்களுக்கு எவ்வளவு பங்கு இருந்தது என்பதிலே தங்கியிருந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். முற்போக்காளர் பழைய பாய்க்கப்பலுக்காகக் கண்ணீர் விடலாமா? எஞ்சின் வந்தது நன்மையல்லவா? நன்மைதான். பாயிழுத்துக் கை கிழிந்தவனும், காற்றில்லாத கடலில் நாட்கணக்காகக் கிடந்தவனும், புயலில் கணவனை இழந்தவளும் பாய்க்காலத்தைப் பொற்காலம் என்று பாடமாட்டார்கள். பாயைப் பற்றிய இனிய கனவுகளைப் பெரும்பாலும் கயிற்றைத் தொடாதவர்களே கண்டனர். 1950களின் பிற்பகுதியில் இலங்கை அரசு தவணை முறையில் பொறிப்படகுகளை வழங்கத் தொடங்கியபோது, மீனவர் பலர் அவற்றை விரும்பியே ஏற்றனர். குறை எஞ்சினிடத்தில் இல்லை. எஞ்சின் யார் கையில் இருந்தது, எரிபொருளுக்கு யாரிடம் கடன் பட்டார்கள், பிடித்த மீனுக்கு யார் விலை வைத்தார்கள் என்பதிலேயே குறை இருந்தது. தன் ஓடத்தின் சொந்தக்காரனாக இருந்த மீனவர் பலர், பிறர் படகில் கூலிக்குச் செல்பவராயினர். அவர்கள் இழந்தவை பழைய பலகைகள் மட்டுமல்ல; தம் தொழிலின் மீது தமக்கிருந்த ஆட்சியும் அவற்றோடு சென்றது. பழைய ஓடத்திற்காக ஏங்கும் நெஞ்சிலே உண்மையில் இந்த ஏக்கமே குடிகொண்டிருக்கிறது.

வடகரையின் கதை இன்னும் கொடியது. 1942-இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அரிசி வணிகம் அறுந்தது. சுதந்திரத்தின் பின் குடிவரவுச் சட்டங்களும் சுங்க விதிகளும் இறுகின. தலைமுறைகளாக உறவுப்பாதையாக இருந்த நீரிணை எல்லைக்கோடாயிற்று. 1983-இன் பின் மூண்ட போரும், அதனோடு வந்த கடற்றடைகளும் மிஞ்சியிருந்தவற்றையும் கரையிலே முடக்கின. கப்பல் கட்டிய கைகளில் பல நாடு கடந்தன. அவர்கள் நெஞ்சிலிருந்த அளவுகள் ஏட்டில் ஏறவில்லை.

எனவே இன்று செய்யத்தக்கது யாது? அன்னபூரணியின் உருவைச் சுவரில் மாட்டி மாலையிடுவது எளிது. அதனால் ஒரு மேத்திரியாரின் அறிவும் மீளாது. ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இதனினும் பயனுள்ள பணி ஒன்று இருக்கிறது. கரையோர ஊர்களில் இன்னும் வாழும் முதியோரிடம் சென்று, மரத்தின் பெயர், கயிற்றின் பெயர், காற்றின் பெயர், கூலியும் பங்கும் பிரித்த முறை, கடன் பட்ட விதம், கலத்தை விற்ற ஆண்டு, விற்ற காரணம் ஆகியவற்றைக் கேட்டு எழுதவேண்டும். நீர்கொழும்பிலே இன்றும் பாய்விரிக்கும் சிங்கள மீனவரிடமும், மன்னாரிலும் வல்வெட்டித்துறையிலுமுள்ள தமிழ் மீனவரிடமும் ஒரே வினாக்களைக் கேட்கவேண்டும். விடைகள் இரு மொழிகளில் வரும்; ஆனால் கடன்காரனின் கணக்கு இரு மொழிகளிலும் ஒன்றாகவே இருக்கக் காண்போம்.

எம்மிடம் பயிலும் ஒருகொடவத்தை மாணவர் பலரின் தந்தையர் துறைமுகத்திலும் பாரவண்டிகளிலும் உழைப்பவர்கள். அவர்கள் ஏற்றி இறக்கும் கொள்கலனில் என்ன இருக்கிறதென்று அவர்களுக்குத் தெரியாது. அதன்மீது பற்று வைக்க அவர்களுக்கு வழியுமில்லை. ஓடத்தின் ஒவ்வொரு தையலையும் அறிந்திருந்த உழைப்பாளிக்கும், எண் பொறித்த இரும்புப் பெட்டியைத் தவிர வேறொன்றும் அறியாத உழைப்பாளிக்கும் இடையிலுள்ள தூரமே கடந்த நூறாண்டின் வரலாறு. அத்தூரத்தை ஓடங்களுக்குத் திரும்பிப்போவதால் கடக்க இயலாது. தன் உழைப்பின் விளைவு எங்கே போகிறது, எவருக்குப் போகிறது, எந்த விலைக்குப் போகிறது என்று கேட்கும் உரிமையை உழைப்பவன் பெறுவதாலேயே கடக்க இயலும். அன்னபூரணியைக் கட்டியவர்களிடமும் ஓட்டியவர்களிடமும் அந்த ஒரு கேள்வியை 1930களில் எவரும் கேட்கவில்லை. இனி விலைபோகும் கலங்களுக்காகவாவது அது கேட்கப்படவேண்டும்.